'கே' எழுத்தை நம்பி ஏமாறாதீங்க! குறைந்த செலவில் வேகத்தைக் கூட்ட எந்த பிராசசர் வாங்கலாம்?

வேலூர்:

சீட்டு எடுத்த பணம், போனஸ் பணம் எல்லாம் சேர்த்து பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கிளம்பும் அப்பாக்களிடம் பிள்ளைகள் சொல்லும் முதல் வார்த்தை, "ஓவர்கிளாக் பண்ற பிராசசரா பார்த்து வாங்குப்பா" என்பதுதான். கடைக்காரரும் "இருக்கு சார், கே சீரிஸ்" என்று எடுத்து வைப்பார். ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்து வீட்டில் போட்டுப் பார்த்தால் வேகத்தைக் கூட்டும் வசதியே அதில் வேலை செய்யாது. பிராசசர் மீது தப்பு இல்லை. அதோடு சேர்த்துக் கொடுத்த மதர்போர்டுதான் வில்லன்.

இப்படி ஏமாந்தவர்களில் இந்தச் செய்தியை எழுதும் நிருபரும் ஒருவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். அது ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதுதான் அதன் வேகம். இன்றைய கம்ப்யூட்டர்களில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு எண்ணால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். 44 என்று வைத்தால் 4400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.4 ஜிகாஹெர்ட்ஸ். கம்பெனி 44 என்று வைத்து அனுப்பியதை நாம் 46 என்று மாற்றினால் 4.6 ஜிகாஹெர்ட்ஸ். இதுதான் ஓவர்கிளாக்கிங். ஆட்டோ மெக்கானிக் கார்ப்பரேட்டரைத் திருகி வேகம் ஏற்றுவது மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கம்பெனியே அந்த வேகத்தைக் கொடுக்காமல் நமக்கு எப்படி மிச்சம் இருக்கும் என்ற கேள்வி வரும். ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகளை அச்சடிக்கிறார்கள். சோதனை செய்து தரம் பிரிக்கிறார்கள். மலிவு விலை சிப்புக்குத்தான் சந்தையில் கிராக்கி அதிகம். அதனால் நன்றாக ஓடக்கூடிய சிப்புக்கும் சில நேரம் குறைந்த வேக முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். அந்த மறைந்திருக்கும் பலத்தை வெளியே எடுப்பதுதான் இந்த வித்தை. எல்லா சிப்பிலும் அந்த பலம் இருக்காது. ஒரே பெட்டி, ஒரே விலை, ஒரே மாடல் வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு வேகம் ஏறும், இன்னொருவருக்கு ஏறாது. லாட்டரி மாதிரிதான்.

300 ஆக வாங்கி 450 ஆக ஓட்டிய காலம்

இந்தப் பைத்தியம் உலகம் முழுக்கப் பிடித்தது 1998-ல். அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்ற சிப்பை 149 டாலருக்கு இறக்கியது. அடிப்படைத் துடிப்பு 66, பெருக்கல் எண் நாலரை. மொத்தம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் 66-ஐ 100 என்று மாற்றினால் போதும், 450 மெகாஹெர்ட்ஸ் ஓடியது. அன்றைக்கு இன்டெல்லின் உச்ச மாடலான பென்டியம் 2-ன் வேகமே 450தான். அதன் விலையோ செலரானைப் போல நாலு மடங்குக்கும் மேல். மலிவு சிப் வாங்கியவன் பணக்காரன் கம்ப்யூட்டருக்குச் சமமாக உட்கார்ந்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே 1998-ல் வெறும் செலரான் 300 என்றும் ஒரு சிப் வந்தது. அதில் கேஷ் எனப்படும் இரண்டாம் நிலை உள் நினைவகம் கிடையாது. 300ஏ சிப்பில் 128 கிலோபைட் இருந்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் அன்றும் நஷ்டம், இன்றும் நஷ்டம்.

2017-ல் மறுபடியும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 7 1700 சிப் 329 டாலர், அண்ணன் 1800எக்ஸ் 499 டாலர். இரண்டிலும் எட்டு கோர். 1700-ஐ வாங்கி வேகம் ஏற்றியவர்கள் 170 டாலரை மிச்சம் பிடித்து, அண்ணன் சிப்புக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.

பூட்டுப் போட்டது யார்?

குறைந்த வேக சிப்பில் அதிக வேக முத்திரையைக் குத்தி விற்கும் மோசடி 1990-களில் பல நாடுகளில் நடந்தது. இன்டெல் பெருக்கல் எண்ணுக்குப் பூட்டுப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பெருக்கல் எண் பூட்டினாலும் அடிப்படைத் துடிப்பை மாற்றி ஓட்டினார்கள். 2011 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை கோர் சிப்புகளில் அந்த வழியும் கிட்டத்தட்ட அடைபட்டது. அதற்குப் பிறகு இன்டெல்லில் ஓவர்கிளாக் செய்ய வேண்டும் என்றால் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து இருக்க வேண்டும். 'கேஎப்' என்றிருந்தாலும் சரிதான், ஆனால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் உள் கிராபிக்ஸ் இருக்காது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும்.

'கே' சாவி மாதிரி. சாவி இருந்தால் மட்டும் போதுமா? கதவும் வேண்டுமே. அந்தக் கதவு மதர்போர்டில் இருக்கிறது. இன்டெல் பக்கம் 'இசட்' என்று தொடங்கும் போர்டில் மட்டும்தான் பிராசசர் வேகத்தைக் கூட்ட முடியும். இசட்690, இசட்790, இசட்890 போன்றவை. எச்610, பி660, பி760, பி860 என்று வருகிற மலிவு போர்டுகளில் 'கே' சிப் போட்டால் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடும், ஆனால் பெருக்கல் எண்ணைத் தொட முடியாது. சில பி வரிசை போர்டுகளில் ரேம் வேகத்தை மட்டும் கூட்டலாம். அதைக் காட்டி "ஓவர்கிளாக் இருக்கு" என்று சொல்லி விற்பதும் நடக்கிறது.

இப்போது என் கதை. 2018-ல் செய்தி வீடியோக்களை வெட்டி ஒட்ட வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ஐ5 8600கே சிப்பை எடுத்து வைத்தார்கள். சாதாரண ஐ5 8400-க்கும் இதற்கும் அறிமுக விலையிலேயே 75 டாலர் வித்தியாசம். "பின்னாடி ஸ்பீடு ஏத்திக்கலாம் சார்" என்றார்கள். போர்டு எச்310. பில் போட்ட பிறகுதான், கே சிப் பெட்டிக்குள் கூலர் வராது, தனியாக வாங்கணும் என்று சொன்னார்கள். அதற்கும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பயாஸ் பக்கத்தைத் திறந்து ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். பெருக்கல் எண்ணைக் கூட்டும் இடமே இல்லை. மறுநாள் கடையில் கேட்டதற்கு, "அதுக்கு இசட் போர்டு போடணும் சார், நீங்க பட்ஜெட் சொன்னீங்களே" என்று பதில். கடை பேர் வேண்டாம். அந்தப் பணத்தில் அன்றைக்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கியிருக்கலாம். வீட்டில் இன்னமும் இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 8600கே பூட்டிய போர்டிலும் தானாக 4.3 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், 8400 என்றால் 4.0 வரை. ஆக மொத்தப் பணமும் பாழ் என்று சொல்ல முடியாது. கொடுத்த காசுக்கு அது ஈடா என்றால், இல்லை.

பட்ஜெட்காரர்களுக்கு எது?

இன்டெல் வழியில் போனால் கே சிப்புக்குக் கூடுதல் பணம், இசட் போர்டுக்குக் கூடுதல் பணம், பெட்டியில் இல்லாத கூலருக்குப் பணம் என்று மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். மலிவான ஐ3 வரிசையில் 'கே' எழுத்து 2019-க்கு அப்புறம் காணோம். பத்தாம் தலைமுறை முதல் பதினாலாம் தலைமுறை வரை ஐ5-ல்தான் கே தொடங்குகிறது. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், அதே பணத்தில் ஓவர்கிளாக்கே இல்லாமல் அடுத்த படி பிராசசரை வாங்கிவிடலாம். கையில் பணம் குறைவு என்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏ.எம்.டி. பக்கம் கதை வேறு. 2017 முதல் கடைக்கு வந்த ரைசன் டெஸ்க்டாப் சிப்புகளில் பெரும்பாலானவற்றில் பூட்டு கிடையாது. தனி எழுத்தும் தேட வேண்டாம். 5800எக்ஸ்3டி போல சில சிப்புகள் மட்டும் விதிவிலக்கு. போர்டும் உச்ச ரகம் தேவையில்லை, பி450, பி550, பி650, பி850 போன்ற நடுத்தர போர்டுகளே போதும். ஏ320, ஏ520, ஏ620 என்று 'ஏ'-வில் தொடங்கினால் தள்ளி வைத்துவிடுங்கள். பி840 என்று ஒரு போர்டு இருக்கிறது. பேரைப் பார்த்து பி850-க்குத் தம்பி என்று நினைத்து ஏமாற வேண்டாம், அதில் ரேம் வேகத்தைக் கூட்டலாமே தவிர பிராசசர் வேகத்தைக் கூட்ட முடியாது.

தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது ரைசன் 5 5600. ஆறு கோர். 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு வந்தது. அதன் அண்ணன் 5600எக்ஸ் 2020-ல் 299 டாலருக்கு வந்தது. அண்ணன் தானாக 4.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், தம்பி 4.4 வரை. அந்த 200 மெகாஹெர்ட்ஸை பயாஸில் இருக்கும் பி.பி.ஓ. வசதியில் கேட்டு வாங்கலாம். நல்ல சிப்பாக இருந்தால் தம்பி அண்ணன் பக்கத்தில் வந்துவிடுவான். பெட்டியிலேயே ஒரு சின்ன கூலரும் கொடுக்கிறார்கள்.

5500 என்று இன்னும் மலிவாக ஒன்று இருக்கிறது. அதிலும் ஆறு கோர்தான். ஆனால் 5600-ல் 32 மெகாபைட் உள்ள மூன்றாம் நிலை கேஷ், 5500-ல் பாதிதான், 16 மெகாபைட். வேகத்தை எவ்வளவு திருகினாலும் கேஷ் வளராது. கோர் எண்ணிக்கையும் வளராது. 2014-ல் பென்டியம் ஜி3258 என்ற சிப்பை இன்டெல் 72 டாலருக்குப் பூட்டு இல்லாமல் விற்றது. 3.2 ஜிகாஹெர்ட்ஸை 4-க்கு மேல் ஏற்றி எல்லோரும் குதித்தார்கள். அந்த ஆண்டு கடைசியில் 'ஃபார் கிரை 4' விளையாட்டு வந்தது. இரண்டே கோர் உள்ள அந்த சிப்பில் விளையாட்டு திறக்கவே மறுத்தது. வேகம் இருந்து என்ன செய்ய? எனவே முதலில் கோர், அடுத்து கேஷ், அதற்குப் பிறகுதான் ஓவர்கிளாக்.

கிராபிக்ஸ் கார்டு வாங்க வழியில்லை என்பவர்கள் 5600 வாங்கினால் திரையில் படமே வராது. அவர்களுக்கு 'ஜி' எழுத்துள்ள 5600ஜி. இதில் உள் கிராபிக்ஸ் இருக்கிறது, அதன் வேகத்தையும் கூட்டலாம். ஆனால் உள் கிராபிக்ஸ் சாப்பாட்டுக்கு ரேமை நம்பித்தான் இருக்கிறது. 16 ஜி.பி. ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜி.பி. இரண்டாகப் போட்டால் ரேமுக்குப் போகும் பாதை இரட்டிப்பாகும். அடுத்து பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வசதியை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 3200 என்று எழுதிய ரேம் பல நேரம் 2133, 2400 என்று தூங்கிக்கொண்டிருக்கும். பிராசசரை 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவதைவிட இந்த இரண்டு காரியம் விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும்.

எவ்வளவு லாபம்?

1998-ல் 50 சதவீதம் கிடைத்தது. இன்று அந்த ஆசை வேண்டாம். இப்போதைய சிப்புகள் சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானாகவே உச்சத்துக்குப் போய்விடுகின்றன. நாம் செய்ய வேண்டிய ஓவர்கிளாக்கில் பெரும்பகுதியை கம்பெனியே செய்து அனுப்புகிறது. 4.4-ஐ 4.6 ஆக்கினால் கணக்குப்படி நாலரை சதவீதம். ஒரு வீடியோ தயாராக 20 நிமிடம் ஆகிறது என்றால் ஒரு நிமிடம்கூட முழுசாக மிச்சமாகாது.

அதற்குக் கொடுக்கும் விலை சூடு. சிப்பின் மின்செலவு வேகத்தோடு ஏறும், வோல்டேஜோடு இன்னும் வேகமாக ஏறும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் மின்செலவு நாலு மடங்கு. 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் சூடு ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும்.

நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஏ.சி. அறையில் 25 டிகிரியில் உட்கார்ந்து யாரோ சோதித்த சிப் 70 டிகிரி காட்டினால், ஓட்டு வீட்டில் 38 டிகிரி மதியத்தில் அதே சிப் 83 காட்டும். அறை எவ்வளவு சூடோ அவ்வளவும் சிப் மேல் ஏறும். 90, 95 டிகிரி தொட்டால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஏற்றின வேகம் போச்சு, மின்சாரம்தான் மிச்சம்.

அதனால் நான் இப்போது நண்பர்களுக்குச் சொல்வது தலைகீழ் வழி. வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ரைசன் 5000 வரிசையில் கர்வ் ஆப்டிமைசர் என்று பயாஸில் இருக்கும். ஒரு படி இறக்கினால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். 10 படி இறக்கிச் சோதித்து, நிலையாக இருந்தால் இன்னும் 5. சூடு குறைய, சிப் தானாகவே உச்ச வேகத்தில் அதிக நேரம் நிற்கும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். உஷார்!

கேபினெட்டோடு ஓசியாக வருகிற எஸ்.எம்.பி.எஸ்.-ல் "450 வாட்" என்று பெரிசாக எழுதியிருக்கும். அதை நம்பி ஓவர்கிளாக் செய்யாதீர்கள். '80 பிளஸ்' முத்திரை உள்ளதாக, பெயர் தெரிந்த கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். வீடுகளில் இருக்கும் சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் ஓவர்கிளாக்கும் சேர்ந்தால், கரண்ட் போகிற நேரத்தில் கீச் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். பிள்ளை புராஜெக்ட் வேலையும் அதோடு போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் கவனத்துக்கு. ஏ.எம்.4 வகை ரைசன் சிப்புகளில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கும், ஒன்று வளைந்திருந்தாலும் தலைவலி. கண் முன்னால் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐ5 2500கே போன்ற பழைய ஓவர்கிளாக் புலிகளை எடுக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஏ.எம்.டி.யில் பொதுவாக ரைசன் 2000 வரிசையாவது வேண்டும்.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை பழைய சிப்புகளிலும் எச்சரிக்கை தேவை. வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதால் அவற்றில் பல சிப்புகள் நிலைகுலைந்த விவகாரம் 2024-ல் வெடித்தது. கம்பெனி அந்த ஆண்டு பயாஸ் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் போடாமல் எவ்வளவு காலம் ஓடிய சிப் என்று நமக்கு எப்படித் தெரியும்? யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே, வோல்டேஜ் மட்டும் கூடியதால் வந்த வினை இது.

செய்து பார்க்கத்தான் போகிறேன் என்பவர்கள் ஒரே மூச்சில் 500 மெகாஹெர்ட்ஸ் ஏற்றாமல் 50, 100 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் சினிபெஞ்ச், ஓ.சி.சி.டி. போன்ற சோதனை மென்பொருளை ஓட்டி, எச்.டபிள்யூ.இன்ஃபோவில் சூட்டைப் பாருங்கள். சோதனையும் மதியம் 2 மணிக்குச் செய்யுங்கள், ராத்திரி குளிரில் பாஸ் ஆனது பகலில் பெயில் ஆகும். திரை கறுப்பாகி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு மாதிரி பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வேகத்தைக் கூட்டியதால் சிப் கெட்டால் கம்பெனி வாரண்டி கிடைக்காது. இது இரண்டு கம்பெனிக்கும் பொருந்தும். கடையில் பணம் கொடுக்கும் முன்பு பிராசசர், மதர்போர்டு இரண்டின் முழு மாடல் பெயரையும் கடைசி எழுத்து விடாமல் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "இந்த போர்டுல இந்த பிராசசரை ஓவர்கிளாக் பண்ண முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தயங்கினால், செல்போனில் அந்த போர்டு கம்பெனியின் பக்கத்தை அங்கேயே திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். 2018-ல் நான் அதைச் செய்யவில்லை.